கோழிக்குத் தடை போடும் முன் ஒரு காலைப் பொழுது தாருங்கள்

நம் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வீட்டுக் கொல்லையில் கோழி வளர்ப்பதை அடியோடு நிறுத்தச் சொல்லும் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். நான் நான்கு பெட்டைக் கோழிகள் வைத்திருப்பவன். முதல் புகார் என் வீட்டுக் கோழிகளைப் பற்றித்தான் வந்தது. அந்தப் புகார் நியாயமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அம்மா இரவு வேலைக்குப் போய்விட்டுக் காலையில்தான் படுப்பார். குழாய் பக்கத்தில் இருக்கிறதே என்று நான் கூண்டை வைத்திருந்த இடமோ, அவர் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. ஒருநாள் மதிலோரம் நின்று, "அண்ணா, கொஞ்ச நேரம் தூங்க விடுங்க" என்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மறுநாள் நான்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது தூக்கம். அப்புறம்தான் என் கோழிகள் எப்போது, எதற்குக் கத்துகின்றன என்று காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

கோழி காரணமில்லாமல் கத்துவதில்லை. என் வீட்டில் பெரிய சத்தம் முட்டையிடும் பெட்டியால் வந்தது. நான்குக்கும் ஒரே பெட்டிதான் வேண்டும். கருப்பி உள்ளே உட்கார்ந்திருக்கும். செவலை வெளியே நின்றுகொண்டு கழுத்தை நீட்டி நீட்டிக் கேறும். கருப்பி முட்டையிட்டு இறங்கியதும் தன் பங்குக்குக் கொக்கரிக்க, மற்றவையும் சேர்ந்துகொள்ளும். சில நாள் கால் மணி நேரத்துக்கு ஓயாது. ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆவதால் முட்டையிடும் நேரமும் நாளுக்கு நாள் தள்ளிப்போகும். இன்றைக்கு ஒன்பது மணி என்றால் நாளைக்குப் பத்து மணி ஆகிவிடும். பக்கத்து வீட்டில் இருப்பவருக்கு இந்தச் சத்தம் பழகாமலே போவது இதனால்தான்.

இன்னொரு பெட்டி வைத்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி வைக்கோல் பரப்பி, முன்பக்கம் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். சண்டை பாதிக்குமேல் குறைந்துவிட்டது. கூண்டைக் கொல்லையின் மறு மூலைக்கு நகர்த்தினேன். விடியற்கால வெளிச்சம் உள்ளே விழாமல் பலகை அடித்து, காற்றுக்கு மேலே மட்டும் இடைவெளி விட்டேன். ஏழரைக்கு முன் கதவைத் திறப்பதில்லை. பெட்டைக் கோழி இருட்டிவிட்டால் அடங்கிவிடும். நடு இரவில் கத்தினால் பூனையோ எலியோ வந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பி வலையில் இருந்த ஓட்டையை அடைத்ததிலிருந்து அந்தச் சத்தமும் இல்லை.

சேவல் கதை வேறு. அதன் கூவல் கிட்டத்தில் 100 டெசிபலைத் தாண்டும். இருட்டில் அடைத்துவைத்தால் கூவாது என்று சிலர் சொல்கிறார்கள். சேவல் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் கூவுவதில்லை, அதன் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். மங்கலான ஒரே வெளிச்சத்தில் வைத்திருந்தபோதும் அவை தம் நேரத்துக்குக் கூவின. முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்க மட்டும்தான் வேண்டும். வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் நம் தெருவில் சேவல் வேண்டாம் என்று நீங்கள் விதி போட்டால் முதல் கை என்னுடையது.

பிரான்சில் மொரீஸ் என்ற சேவலின் கூவல் மீது பக்கத்து வீட்டார் வழக்குப் போட்டு, 2019-இல் சேவலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அப்படி ஜெயித்துவிட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் முகம் கொடுத்துப் பேச முடியாமல் வாழ எனக்கு விருப்பமில்லை.

அதனால் கேட்கிறேன். தடைக்குப் பதிலாக விதி போடுங்கள். எத்தனை கோழி வரை வைக்கலாம், கூண்டு அடுத்த வீட்டு ஜன்னலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், காலையில் எப்போது திறக்கலாம் என்று எழுதிவையுங்கள். எச்சத்தை அள்ளாமல் நாற விடுபவர்களையும் கேள்வி கேளுங்கள், சத்தத்தைவிட அதுதான் பல வீடுகளில் பெரிய தொல்லை. புகார் இருந்தால் சங்கத்துக்கு வருமுன் ஒருமுறை மதிலோரம் நேரில் பேசச் சொல்லுங்கள். என்னிடம் அந்த அம்மா பேசியதால்தான் இத்தனையும் நடந்தது.

கூட்டத்துக்கு முன் ஒருநாள் காலை ஒன்பது மணிவாக்கில் என் வீட்டுக்கு வாருங்கள். நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போனாலும், பல நாள் கருப்பி பெட்டிக்குள் ஏறும் நேரம் அது. முதலில் என் கொல்லையில் நின்று கேளுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டு ஜன்னலோரம் நின்றும் கேளுங்கள். அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கடைசி வீட்டுக் கோழிக்காரன்