பெரியப்பாவுக்கு, சவுக்கு வைக்கும் முன்

அன்புள்ள பெரியப்பா,

"மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்க ஆளில்லை, ஆய ஆளில்லை. கொல்லை மொத்தமும் சவுக்கு வைத்துவிடப் போகிறேன், வெட்டும்வரை ஒருத்தரையும் கூப்பிட வேண்டாம்" என்று போனில் சொன்னீர்களே, அன்றிலிருந்து எனக்கு மரினலேடா ஞாபகமாகவே இருக்கிறது.

ஸ்பெயினின் தெற்கே ஒரு சின்ன ஊர் அது. இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குமேல் இருப்பார்கள். சுற்றிலும் பெரிய பண்ணைகள். ஊராரில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிக்காரர்கள். அறுவடைக்குக் கூப்பிட்டால் வேலை, மற்ற மாதங்களில் அரைவயிறு. 1979-இல் சாஞ்செஸ் கோர்தில்யோ என்ற பள்ளிக்கூட வாத்தியார் ஊர்த்தலைவரானார். மறுவருஷம் ஆகஸ்டில் 700 பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு பிரபுவின் பண்ணைக்குள் போய் உட்காருவதும், போலீஸ் வெளியேற்றுவதும், திரும்பப் போவதுமாக வருஷங்கள் ஓடின. கடைசியில் 1991-இல் அரசாங்கம் பிரபுவுக்கு ஈடு கொடுத்து, 1,200 ஹெக்டேரை ஊராரின் உழைப்புக்கு விட்டது. நம் கணக்கில் ஏறக்குறைய 3,000 ஏக்கர்!

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்ததைத்தான். கோதுமை போட்டிருந்தால் மெஷினே விதைத்து அறுத்திருக்கும். அவர்களோ ஆள் அதிகம் பிடிக்கிற பயிராகத் தேடித் தேடி வைத்தார்கள். மிளகாய், பீன்ஸ், ஆலிவ், ஆர்ட்டிசோக் என்று சமைத்துச் சாப்பிடுகிற ஒரு மொட்டு. பறித்ததைப் பக்குவப்படுத்தி அடைக்க ஊரிலேயே ஆலை. வயலில் நிற்பவருக்கும் ஆலையில் நிற்பவருக்கும் ஒரே கூலி. எல்லா நாளும் எல்லோருக்கும் வேலை இருப்பதில்லை. இருப்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். தாங்களே உழைத்துக் கட்டிய வீட்டுக்கு மாதம் 15 யூரோ கட்டுகிறார்கள்.

ஆளுக்கு வேலை வேண்டும் என்று அங்கே பயிரை மாற்றினார்கள். ஆள் இல்லை என்று இங்கே நாம் மாற்றுகிறோம். நம் கொல்லையில் மல்லாட்டை ஆய வந்த அக்காக்களில் ஒருத்திக்காவது ஒரு குழி நிலம் இருந்ததா, பெரியப்பா? ஆய்ந்ததற்குக் கூலியாகப் படியில் அளந்து கொடுத்தோம். அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்குப் போனதில் என்ன தப்பு? அந்த நிலத்தில் அவர்களைப் பிடித்து வைக்க எதுவுமே இல்லையே.

உங்கள் முழங்கால் வலி எனக்குத் தெரியும். மேட்டுக் கொல்லைக்குச் சவுக்கு வையுங்கள். கிணற்றடி ஒன்றரை ஏக்கரை மட்டும் விட்டுவையுங்கள். பொங்கலுக்கு வருகிறேன். இன்னும் ஊரில் இருக்கிற நாலைந்து அக்காக்களைக் கூப்பிட்டு, அதைப் பங்குக்கு எடுத்துக்கொள்கிறீர்களா என்று நாம் இரண்டு பேருமாகக் கேட்டுப் பார்ப்போம்.

உங்கள் தம்பி மகன்