பத்தரைக்கு உட்கார்ந்துவிடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான். கொல்லை மாமரத்தை வெட்டச் சொன்ன உன் சித்தப்பாவே, இப்போது ஏன் வெட்டினீர்கள் என்று கேட்கிறார். வேறு விசேஷம் இல்லை.

போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்பதைத் தாண்டி நீ எதுவும் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. கோர்ட்டு விவகாரத்தை நீதிபதியிடம் கேட்கக் கூடாது, அது பெற்ற மகளாக இருந்தாலும் சரி. வக்கீல்கள் உன் கோர்ட்டைப் புறக்கணிக்கிறார்கள் என்று பேப்பரில் உன் ஊர்ப் பெயர் போட்டு நாலு வரி வந்திருந்தது. காரணம் என்ன என்று கேட்கப் போவதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஒன்று மட்டும் சொல்கிறேன். எதிரே வக்கீல் மேஜை காலியாக இருந்தாலும் பத்தரைக்கு இருக்கையில் உட்கார்ந்துவிடு. சேம்பரில் இருந்தபடியே வாய்தா போட்டு அனுப்பாதே. வக்கீல் வரமாட்டார் என்று கட்சிக்காரனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருப்பான். கோர்ட் வாசலில் நிற்கிற டவாலி அவன் பேரைக் கூப்பிடட்டும். அடுத்த தேதியை உன் வாயால் கேட்டுக்கொண்டு போகட்டும். கோபத்தில் ஒரு வழக்குக் கட்டைக்கூட, ஆஜராகவில்லை, டிஃபால்ட் என்று தள்ளுபடி செய்துவிடாதே. மறுபடி கோப்பில் ஏற்ற மனு, செலவு, அலைச்சல் எல்லாம் அவனுக்குத்தான். வக்கீல்களுக்குப் புறக்கணிப்பு செய்ய உரிமை இல்லை என்று ஹரிஷ் உப்பல் வழக்கில் 2002லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. உனக்குத் தெரியாததா? அதை அவர்களிடம் வாசித்துக் காட்டாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்த வாய் உண்டு.

பள்ளிக்கூடத்தில் நீ நடத்திய சட்ட விழிப்புணர்வு முகாம் போட்டோவை அம்மா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். மேடையை விட்டு இறங்கி, பெண்பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசியிருக்கிறாய். வட்ட சட்டப் பணிகள் குழுத் தலைவர் என்றால் சால்வையை வாங்கிக்கொண்டு காரில் ஏறுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனால் பொங்கலுக்கு வந்தவள் கிளைச் சிறைக்குப் போகணும் என்று மறுநாளே கிளம்பினாயே. ஊர்க் கைதிகளுக்கெல்லாம் நேரம் இருக்கிறது, பெற்றவளுக்கு இல்லை. இதை அம்மா சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

அதற்காக முகாம்களை இப்போது நிறுத்திவிடாதே. இந்த நேரத்தில் வெளியே தலை காட்ட வேண்டாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். போ. மக்கள் நீதிமன்றத்தில் சமரசக் கையெழுத்து வாங்குமுன், இதற்கு மேல் அப்பீல் கிடையாது என்று நீயே ஒருமுறை வாய்விட்டுச் சொல். கைதானவரைச் சிறைக்கு அனுப்பும் ரிமாண்டுக்காகப் போலீஸ் ராத்திரி கதவைத் தட்டினால், தூக்கக் கலக்கத்தில் ஆளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே. 2020இல் சாத்தான்குளம் தந்தை, மகன் வழக்கில் ரிமாண்டைப் பற்றி ஊரே கேட்டது. அதே வழக்கில் ஸ்டேஷனுக்கே போய் விசாரித்து, போலீஸ் மிரட்டியதை ஹைகோர்ட்டுக்கு எழுதியவரும் ஒரு மாஜிஸ்திரேட்தான். அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று அப்போதே நினைத்தேன். இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

அம்மாவிடம் நீ ஏதோ சொல்லியிருக்கிறாய். என்ன என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து "வக்கீல் தொழிலும் நல்ல தொழில்தானே" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நம்ம ஊர் முன்சீப், அந்தக் காலத்துக் கீழ்க்கோர்ட் நீதிபதி, வேதநாயகம் பிள்ளையை எடுத்துக்கொள். திருச்சி கோர்ட்டில் என்னைப் போலக் கட்டுகளைக் காத்தவர்தான். அப்புறம் மொழிபெயர்ப்பாளர், பிறகு தரங்கம்பாடி, சீர்காழி, மாயவரம் என்று முன்சீப். 1805 முதல் 1861 வரை வந்த தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தார். 1872இல் உத்தியோகத்தை விட்டு வந்துவிட்டார். தாது வருஷப் பஞ்சம் அதற்குப் பிறகு வந்தது. சொந்தப் பணத்தைப் போட்டு ஊருக்குக் கஞ்சி ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியே அவரைப் பாடினார். நாவல் எழுதியவர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அந்தக் கஞ்சிதான் பெரிதாகத் தெரிகிறது.

நீ உத்தியோகத்தை விட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. விடவே கூடாது என்றும் சொல்லவில்லை. பிரிலிமினரி, மெயின்ஸ், நேர்முகம் எல்லாம் தாண்டி வந்தவள் நீ, எனக்குக் குமாஸ்தா புத்திதான். ஆனால் புறக்கணிப்பு நடக்கிற சமயத்தில் எதையும் எழுதிக் கொடுக்காதே. அது முடியட்டும். எல்லோரும் திரும்பி வந்து குனிந்து வணக்கம் வைப்பார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. அதற்கப்புறமும் தோன்றினால் எழுது. அதுவரைக்கும் பத்தரைக்கு உட்கார்ந்துவிடு.

அம்மா வத்தலும் பருப்புப் பொடியும் கூரியரில் போட்டிருக்கிறாள். கோர்ட் விலாசம் வேண்டாம் என்று குடியிருப்பு விலாசம் எழுதினேன். வீட்டில் ஆள் இல்லை என்றால் அவர்கள் ஆபீஸிலேயே வைத்திருப்பார்கள். வாங்கிவர டவாலியை அனுப்பாதே, நீயே போ. ஆறு மணிக்குள் போனால்தான் திறந்திருக்குமாம்.

இப்படிக்கு,
அப்பா