ஏழு மணிக்கு எல்லாக் கணினியையும் அணைக்கச் சொல்லும் முன்: அலுவலக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலக நிர்வாகிகளுக்கும் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஒரு மேசைக் கணினி சும்மா இருக்கும்போதே சுமார் 40 முதல் 60 வாட் இழுக்கும். 50 வாட் என்று வைத்தால் இரவு 14 மணி நேரத்துக்கு 0.7 யூனிட், நூறு கணினிக்கு 70 யூனிட். தானாக அணைக்கும் ஏற்பாடு வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஆள் இருக்கிறாரா என்று பார்க்காமல் எந்தக் கணினியையும் அணைக்காதீர்கள். நாங்கள் கேட்பது இது ஒன்றுதான்.

பெரும்பாலும் நடப்பது வேறு. அட்மின் கணினியில் ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்ட்), அதில் கணினிப் பெயர்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் 'ஷட்டவுன் /எஸ் /எம் /டி 600', அதாவது 600 விநாடி கழித்து அணை என்ற கட்டளை. ஏற்கெனவே அணைந்திருக்கும் ஒவ்வொரு கணினியிடமும் பதிலுக்குக் காத்திருந்து ஸ்கிரிப்ட் ஊர்கிறது. தொலைவிலிருந்து அணைக்கும் உரிமையோ ஃபயர்வால் அனுமதியோ இல்லாத இடத்தில் பிழை காட்டிவிட்டு அடுத்ததற்குப் போகிறது. இதைச் சரிக்கட்ட அட்மின் கடவுச்சொல்லை அதே ஃபைலில் எழுதிப் பொது ஃபோல்டரில் வைப்பவர்களும் உண்டு. இதைவிடப் பெரிய ஆபத்தை அலுவலகத்துக்கு நாமே கொண்டுவர முடியாது.

/எஃப் (திறந்திருக்கும் நிரல்களை வலுக்கட்டாயமாக மூடு) போடவில்லை, பத்து நிமிட அவகாசம் வேறு தந்திருக்கிறோம், யார் வேலையும் அழியாது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் /டி-யின் மதிப்பு பூஜ்யத்தைத் தாண்டினாலே விண்டோஸ் /எஃப்-ஐயும் தானே சேர்த்துக்கொள்ளும். நேரம் முடிந்ததும் சேமிக்காத கோப்பு அப்படியே போய்விடும். சரி, /டி 0 கொடுத்து /எஃப்-ஐ விட்டுவிடலாம் என்றால், திரையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவரின் கணினி 1271 என்ற பிழையைத் தந்து அணையவே மறுக்கும். அணைக்க வேண்டியவற்றில் பாதி அப்படிப்பட்டவைதான்.

எனவே வேலையை ஒவ்வொரு கணினியிலும் வையுங்கள். கணினிகளை ஒரே சர்வர் நிர்வகிக்கும் டொமைன் இருந்தால் குரூப் பாலிசி (எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளைத் தருவது) வழியாக, இல்லாவிட்டால் ஒருமுறை நேரில் போய், டாஸ்க் ஷெட்யூலரில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் விண்டோஸ் கருவி), விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கில் ஓடும் ஒரு பணியை அமையுங்கள். கடவுச்சொல்லே தேவைப்படாது. மாலை 7 மணி முதல் அரை மணிக்கு ஒருமுறை அது பார்க்க வேண்டியவை இவை: எக்ஸ்ப்ளோரர் (பயனரின் டெஸ்க்டாப்பைக் காட்டும் நிரல்) ஓடவில்லை என்றால் யாரும் உள்நுழையவில்லை, தாராளமாக அணைக்கலாம். எக்ஸ்ப்ளோரரும் லாகன்யூஐ-யும் (உள்நுழையும் திரையைக் காட்டும் நிரல்) சேர்ந்து ஓடினால் திரை பூட்டியிருக்கிறது; அங்கே 'ஷட்டவுன் /எச்', அதாவது ஹைபர்னேட். ஹைபர்னேட்டில் திறந்த கோப்புகள் அப்படியே வட்டில் தங்கும், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதற்கு முன்பே 'பவர்சிஎஃப்ஜி /எச் ஆன்' என்ற கட்டளையால் ஹைபர்னேட்டை இயக்கியிருக்க வேண்டும். வட்டில் இடமும் வேண்டும். எக்ஸ்ப்ளோரர் மட்டும் ஓடினால் ஆள் இருக்கிறார் என்று கொண்டு ஒரு செய்தி காட்டிவிட்டு விலகிவிடட்டும். பூட்டாமலே போகிறவர்களுக்காக, 900 விநாடி தொடாவிட்டால் திரை தானே பூட்டும்படி பாலிசியில் வையுங்கள். அடுத்த சுற்றில் அதுவும் சிக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தாலும் அலுவலகத் திரை பூட்டியதாகவே தெரியும். 'க்வெரி யூசர்' கட்டளை தரும் பட்டியலில் ஆர்டிபி (ரிமோட் டெஸ்க்டாப்) அமர்வு ஆக்டிவ் என்று இருந்தால் தொடாதீர்கள். விசை, மவுஸ் ஓய்வு நேரத்தை சிஸ்டம் கணக்கிலிருந்து அளக்கவும் முயலாதீர்கள். அந்தக் கணக்கு ஓடும் அமர்வு வேறு, பயனரின் அசைவு அதற்குத் தெரியாது.

பணியை அமைக்கும்போது, தவறிய நேரத்தை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு என்ற தேர்வில் டிக் இருக்கவே கூடாது. இருந்தால் காலையில் கணினியைப் போட்ட சிறிது நேரத்தில் அது அணையக்கூடும். மின் இணைப்பில் இருந்தால் மட்டும் ஓடு என்பது இயல்பாகவே டிக் ஆகியிருக்கும். லேப்டாப்களுக்கு அதை எடுத்துவிடுங்கள்.

எல்லோருடைய டேலி (கணக்கு மென்பொருள்) தரவும் கணக்குப் பிரிவின் மூலையில் இருக்கும் ஒரு சாதாரண கணினியில்தான் பல அலுவலகங்களில் இருக்கிறது. அதையும், பிரிண்டரைப் பகிரும் கணினியையும், இரவு பேக்கப் எடுப்பவற்றையும் தனிக் குழுவாக்கி விலக்குங்கள். ஸ்கிரிப்டுக்குள் பெயர் எழுதி விலக்கினால், அந்தக் கணினியை மாற்றும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது. மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று மைக்ரோசாஃப்ட் அப்டேட்கள் வரும். மறுநாள் புதன் இரவு எதையும் அணைக்காதீர்கள், இல்லாவிட்டால் அவை பகல் வேலை நேரத்தில் வந்து விழும்.

முதல் இரண்டு வாரம் ஸ்கிரிப்ட் எதையும் அணைக்காமல், என்ன செய்திருக்கும் என்பதை மட்டும் லாக்கில் எழுதட்டும். அதைப் பிரிவுத் தலைவர்களிடம் காட்டிவிட்டு உண்மையில் ஓட விடுங்கள். பிறகு தினமும் காலையில் ஈவென்ட் வியூவரை (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) பாருங்கள்: எண் 1074 முறையாக அணைந்ததைச் சொல்லும், 6008 திடீரென நின்றதை. 6008 வந்த கணினிகளில் யுபிஎஸ் பேட்டரியை முதலில் சோதியுங்கள்.

இப்படிக்கு,
அலுவலகக் கணினி வலையமைப்புகளைப் பராமரிக்கும் பணியாளர்கள்