மாட்டின் தலையில் கட்டிய 14 சதவீதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இந்தியா வெளியிடும், பூமியைச் சூடாக்கும் பசுமைக்குடில் வாயுக்களில் 14 சதவீதம் மாடுகளால் வருகிறது என்றது சென்ற இதழின் காலநிலைக் கட்டுரை. அதிலேயே, "நியூசிலாந்து விவசாயிகளைப் பார்த்து நம்மவர்கள் பொறுப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி. கட்டுத்தரையில் சாணி அள்ளிப் போட்டுவிட்டு வந்து பத்திரிகையைப் பிரிக்கிறவனுக்கு இது எப்படி இருக்கும்?

அந்த நாட்டின் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறத்தாழப் பாதி விவசாயத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி ஆடுமாடுகளால். இந்தியாவில் விவசாயத்தின் பங்கே சுமார் 14 சதவீதம்தான், நெல் வயலும் உரமும் சேர்த்து. கட்டுரையாளர் அந்த 14-ஐ அப்படியே மாட்டின் தலையில் கட்டிவிட்டார். சரி, பங்கு குறைவு என்பதால் நம் மாடு உத்தமம் என்று நான் சொல்லவில்லை. நாம் எரிக்கிற நிலக்கரிக்கு முன்னால் மாடு சின்னதாகத் தெரிகிறது. அங்கே மின்சாரத்தில் பாதிக்கு மேல் நீர்மின்சாரம், அதனால் மாடு பெரிதாகத் தெரிகிறது. மொத்த அளவைப் பார்த்தால் நம் மாடுகள் விடும் மீத்தேன் என்ற பசுமைக்குடில் வாயுதான் பல மடங்கு அதிகம். ஆனால் 2019 கால்நடைக் கணக்கெடுப்புப்படி இங்கே பசுவும் எருமையும் சேர்த்து 30 கோடி, மக்கள் 140 கோடி. அங்கே மக்கள் சுமார் 50 லட்சம், மாடு ஒரு கோடி. ஆளுக்கு இரண்டு! அந்தப் பாலில் பெரும்பகுதி பவுடராகவும் வெண்ணெயாகவும் கப்பலேறிப் போகிறது. இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல.

பொறுப்பு என்றீர்கள். 2003-இல் மாட்டு வாயுவுக்கு வரி போடப் பார்த்தபோது, அங்கே ஒரு எம்.பி. டிராக்டரையே நாடாளுமன்றப் படிக்கட்டில் ஏற்றினார். வரி கைவிடப்பட்டது. 2022-இல் மறுபடி ஒரு கட்டணத் திட்டம். 2023 இறுதியில் வந்த அரசு 2024-இல் அதையும் ஓரம் கட்டியது. நாங்கள் பால் விலைக்காகச் சாலையில் பாலைக் கொட்டினால் மட்டும் தங்கள் பத்திரிகையில் "போக்குவரத்து பாதிப்பு" என்று நான்கு வரி.

பால் சொசைட்டியில் ஃபேட் (கொழுப்பு) குறைவு, டிகிரி (பாலின் அடர்த்தி அளவு) இல்லை என்று பிடித்தம் செய்கிறார்கள். புண்ணாக்கு விலை ஏறுகிறது, பால் பணம் தாமதமாகிறது. மேய்ச்சல் புறம்போக்கில் இன்று வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறது. கால்நடை மருந்தகம் பூட்டியே கிடப்பதைப் பற்றி முன்பு எழுதிய கடிதத்தைத் தாங்கள் போடவே இல்லை. இடமில்லை போலும். மாட்டின் வாலுக்கடியில் புகை வருகிற கார்ட்டூனுக்கு மட்டும் அரைப் பக்கம் இருந்தது. ஐயா, மீத்தேன் முக்கால்வாசிக்கும் மேல் வாய் வழியாகத்தான் வருகிறது. என் கலப்பின மாடு சோளத்தட்டைத் தின்றுவிட்டுப் படுத்து அசைபோடும்போது, தொண்டையில் உருண்டை மேலேறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அடுத்து ஒரு ஏப்பம். விஷயம் அவ்வளவுதான்.

கறவை வற்றிய மாடும் தின்கிறது, ஏப்பம் விடுகிறது, ஒரு சொட்டுப் பால் தருவதில்லை. ஒரு லிட்டர் பாலுக்கு எவ்வளவு மீத்தேன் என்று கணக்குப் போட்டால் நாம் தோற்பது அங்கேதான். நல்ல தீவனமும் சரியான நேரத்தில் சினை ஊசியும் கிடைத்தால் அது குறையும். உபதேசத்தால் குறையாது.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்தின் பெங்களூரு நிறுவனம் 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைக்கும் என்கிறார்கள். அது எங்கள் பக்கம் எந்தக் கடையில், கிலோ என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரித்து அடுத்த இதழில் இரண்டு வரி போட முடியுமா?

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர், கறவை மாட்டு விவசாயி,
ஈரோடு மாவட்டம்