உள்ளே இருப்பதே அனுமதி ஆகாது: கிளவுடில் ஏஐ நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வங்கிகள், மருத்துவமனைகள், அரசுத் துறைகளில் ஏஐ தளங்களுக்குப் பொறுப்பேற்றிருக்கும் தொழில்நுட்பத் தலைவர்களுக்கு,

வணக்கம்.

ஏஐ மாடல் பயிற்சியைப் பல கணினிகளில் பிரித்து ஓட்ட உதவும் ரே என்ற திறமூல மென்பொருளை உங்களில் பலர் அறிவீர்கள். 8265 போர்ட்டில் வேலைகளை வாங்கிக்கொள்ளும் அதன் ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்), இயல்பாக வருபவர் யாரென்று கேட்பதில்லை. அதை எட்ட முடிந்த எவரும் ஏஐ கணக்கீட்டுக்கான உங்கள் ஜிபியு சிப்களில் தம் நிரலை ஓட்டலாம். இது பாதுகாப்புக் குறைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2023-48022 என்று பதிவானபோது, கட்டுப்பாடான நெட்வொர்க்குக்குள் மட்டுமே இயக்க வேண்டிய மென்பொருள் என்று தயாரிப்பாளர்கள் வாதிட்டார்கள். இணையத்தில் திறந்துகிடந்த ரே கிளஸ்டர்களில் (கணினித் தொகுப்புகளில்) தாக்குவோர் புகுந்து கிரிப்டோ நாணய மைனிங் செய்ததும், கணக்குகளைத் திறக்கும் ரகசியச் சாவிகளைத் திருடியதும் 2024 மார்ச்சில் வெளியே வந்தன.

'நம் நெட்வொர்க்குக்குள் இருப்பவர் நம்மவர்' என்ற அந்த நினைப்பைக் கைவிடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் வெளியிட்ட 800-207 ஆவணத்தின் சாரமும் அதுதான். இருக்கும் இடத்தை வைத்து யாரையும் நம்பாமல், ஒவ்வொரு கோரிக்கையையும் சரிபார்த்து, தேவைக்கு மட்டும் அனுமதி கொடுப்பதே ஜீரோ டிரஸ்ட். அதைக் கடையில் வாங்க முடியாது. ஊழியர்களின் லாகினுக்கு ஓடிபி வைத்ததோடு முடித்துக்கொள்வதுதான் பரவலான தவறு. ஏஐ தளத்தில் சாவிகள் பெரும்பாலும் மனிதர்களிடம் இல்லை. பயிற்சி ஜாப்களிடமும் (ஓடும் வேலைகள்), நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் நோட்புக்குகளிடமும், தானாகச் செயல்படும் ஏஜென்ட்களிடமும் இருக்கின்றன.

நிரந்தரச் சாவிகளிலிருந்து தொடங்குங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஏஐ ஆய்வுக் குழு கிட்ஹப்பில் பகிர்ந்த ஒரு அஷ்யூர் (மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட்) இணைப்பு 38 டெராபைட் உள்தரவைத் திறந்துவைத்திருந்தது 2023 செப்டம்பரில் தெரியவந்தது. அந்த இணைப்பிலிருந்த, படிக்க மட்டும் அனுமதித்திருக்க வேண்டிய அணுகல் டோக்கனில் எழுதவும் அழிக்கவும் உரிமை இருந்தது, காலாவதி 2051-இல். மாடல் கோப்புக்குள் தீய நிரலைச் செருகியிருக்கவும் முடியும்.

ஒவ்வொரு ஜாபுக்கும் தனி அடையாளமும் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகச் சாவியும் கொடுங்கள். மூன்று நாள் ஓடும் பயிற்சியில் இது உடையும் இடம் ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட் தொடக்கத்தில் ஒரே முறை சாவியை வாங்கித் தன் அமைப்பு மதிப்புகளில் (என்விரான்மென்ட் வேரியபிள்) வைத்துக்கொள்ளும். இரண்டாம் மணியில் செக்பாயிண்ட் (பயிற்சியின் இடைநிலைச் சேமிப்பு) எழுதப் போனால் அனுமதி மறுக்கப்படும். உடனே யாராவது இப்போதைக்கு என்று ஒரு நிரந்தரச் சாவியைச் செருகுவார். அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சாவியைப் புதுப்பிக்கும் வேலையை கிளவுட் நிறுவனம் தரும் நிரல் தொகுப்பான எஸ்டிகேயிடமே விடுங்கள். காலாவதியை 15 நிமிடமாகக் குறைத்து ஒரு மணி நேர ஜாப் ஒன்றை ஓட்டிப் பார்த்தால், எந்த ஸ்கிரிப்ட் தவறு செய்கிறது என்று அன்றே தெரிந்துவிடும்.

பல கணினிகளில் மென்பொருள்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் இயல்பாக எல்லா பாடுகளும் (அதில் ஓடும் மென்பொருள் அலகுகள்) ஒன்றோடொன்று பேசலாம். எது எதோடு பேசலாம் என்று சொல்லும் நெட்வொர்க் பாலிசி எழுதினால் மட்டும் இது மாறாது. உங்கள் நெட்வொர்க் பிளகின் அதை அமல்படுத்தாவிட்டால், பாலிசி பிழையின்றி ஏற்கப்படும், எதையும் தடுக்காது. வெளியே போகும் வழிகளை மூடும்போது பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கான 53-ஆம் போர்ட்டை மறந்தால் எல்லாம் நின்றுபோகும், அன்று மாலையே பாலிசி தூக்கப்படும். ஜிபியுக்களுக்கு இடையே ஆர்டிஎம்ஏ (நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நேரடிப் பரிமாற்றம்) வழியாகப் போகும் தரவு இயங்குதளத்தின் மையமான கெர்னலைத் தொடாமல் போவதால் பாலிசியும், சேவைகளுக்கு இடையிலான போக்குவரத்தைக் கண்காணிக்கும் சர்வீஸ் மெஷ்ஷும் அதைப் பார்ப்பதே இல்லை. அங்கே வெவ்வேறு துறைகளுக்குத் தனித்தனி நோடுகளும் (கணினிகளும்) தனி நெட்வொர்க் பிரிவுகளும் வேண்டும்.

மாடல் கோப்புகளைப் பற்றிச் சுருக்கமாக: பைத்தான் மொழியின் பிக்கிள் வடிவக் கோப்பைத் திறப்பது முன்பின் தெரியாத நிரலை ஓட்டுவதற்குச் சமம். திறக்கும்போது நிரல் எதையும் ஓட்டாத சேஃப்டென்சர்ஸ் வடிவத்தை வாங்குங்கள், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷை ஒப்பிடுங்கள்.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது ஆவணத் தேடலோடு இணைந்த சாட்பாட்கள். சம்பளக் கோப்பை மூலச் சேமிப்பகத்தில் நான்கு பேர்தான் திறக்க முடியும் என்று வையுங்கள். அதைத் துண்டுகளாக்கி, பொருள் ஒற்றுமையை வைத்துத் தேடும் வெக்டர் தரவுத்தளத்தில் ஏற்றும்போது அந்த அனுமதிப் பட்டியல் தானாகக் கூட வராது. தேடுவதோ எல்லாவற்றையும் படிக்க வல்ல, மனிதருக்கு அல்லாமல் மென்பொருளுக்கான ஒரு சர்வீஸ் கணக்கு. மாடலுக்கு முன்கூட்டியே தரும் அறிவுறுத்தலான சிஸ்டம் பிராம்ட்டில் 'சம்பளம் பற்றிச் சொல்லாதே' என்று எழுதுவது பாதுகாப்பு ஆகாது. மாடல் கைக்கு அது போன பிறகு கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்டு வாங்கிவிடலாம். ஒவ்வொரு துண்டோடும் அதைப் படிக்கத் தகுந்த குழுவின் அடையாளத்தைச் சேமியுங்கள். கேட்பவரின் டோக்கனைத் தேடல் வரை கொண்டுசெல்லுங்கள். மாடலுக்குப் போகும் முன்பே வடிகட்டல் நடக்கட்டும். ஒருவர் துறை மாறி மூலத்தில் அவர் அனுமதி போனால், தேடல் தளத்திலும் எத்தனை நிமிடத்தில் போக வேண்டும் என்று எல்லை வையுங்கள். நல்ல வடிவமைப்புகளும் இங்கே கோட்டைவிடுகின்றன.

ஏஜென்ட் இருந்தால் இன்னும் கண்டிப்பு வேண்டும். அது படிக்கும் மின்னஞ்சலில் ஒளிந்திருக்கும் கட்டளையை உங்கள் கட்டளையிலிருந்து மாடலால் உறுதியாகப் பிரித்தறிய முடியாது. கேட்பவருக்கு இல்லாத உரிமை ஏஜென்ட்டுக்கு வேண்டாம். பணம் அனுப்புவதும் தரவை அழிப்பதும் மனித ஒப்புதலுக்குப் பிறகே நடக்கட்டும்.

சம்பவத்தை 6 மணி நேரத்தில் தெரிவிக்கவும், இயக்கப் பதிவுகளான லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. கேட்டவர் யார், எந்த மாடல் பதிப்பு, எந்தத் துண்டுகள் எடுக்கப்பட்டன, எந்தக் கருவி இயங்கியது என்பவை இல்லாத லாக்கை வைத்து 6 மணி நேரத்தில் ஒன்றும் சொல்ல முடியாது. லாக்கையும் பூட்டுங்கள். 2025 ஜனவரியில் சீன ஏஐ நிறுவனமான டீப்சீக்கின் லாக் தரவுத்தளம் உரையாடல்களோடு கடவுச்சொல் இல்லாமல் திறந்துகிடந்தது.

இந்த வாரமே ஒரு சாதாரண நோட்புக்கிலிருந்து மூன்றைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: கிளவுட் கணினிக்கு அதன் விவரங்களையும் சாவிகளையும் தரும் 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியிடம் சாவி கேட்பது, இன்னொரு குழுவின் பக்கெட்டில் (கிளவுட் கோப்புச் சேமிப்பகத்தில்) இருப்பதைப் பட்டியலிடுவது, முன்பின் தெரியாத ஒரு வெளி சர்வருக்குக் கோப்பு அனுப்புவது. 2019-இல் கேப்பிடல் ஒன் வங்கியிடமிருந்து சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரங்கள் போனதில் அந்த முகவரி தந்த சாவிக்குப் பங்கு உண்டு. மூன்றில் ஒன்று பலித்தாலும், அது அடைபடும் வரை அடுத்த மாடலின் வெளியீட்டை நிறுத்தும் அதிகாரத்தை உங்கள் பாதுகாப்புக் குழுவுக்கு எழுத்து மூலம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கிளவுட் பாதுகாப்புப் பொறியாளர்கள்