மே 31-ல் பிறந்தவர்கள்

மக்கா,

ஆறு மாசமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முட்டுவலி அப்படியேதான், தக்கலையில் மழை விட்டபாடில்லை, பல்லி மார்த்தாண்டத்தில் தேன் கடை போட்டு அதைவிட இனிப்பாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றின் பழைய பாலிசி சிஸ்டத்தைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுகிற வேலை என்று சொன்னேனே, லேசாக நினைத்துவிட்டேன். 25 வயதில் ஒருவன் எடுத்த முழு ஆயுள் பாலிசி அவன் சாகிறவரை ஓடும். அந்தத் திட்டத்தை விற்பதை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் கணக்கை யாராவது சுமந்துதான் ஆகவேண்டும். எல்லாம் கோபோல் என்கிற பழங்காலக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது, எழுதியவர்கள் ரிட்டயர்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஓர் ஒட்டு, 2025 செப்டம்பர் 22-ல் தனிநபர் பாலிசிக்கு அதை நீக்கியபோது ஒட்டின்மேல் ஒட்டு. ஒரு பிரீமியம் மட்டும் இடிக்கிறதே என்று மூன்று நாள் மண்டையை உடைத்தேன். பழசு பக்கத்தில் வரும் பிறந்தநாளை வைத்து வயது போடுகிறது, புதுசு கடந்துபோன பிறந்தநாளை வைத்து. 30 வயது ஏழு மாசக்காரன் அதில் 31, இதில் 30.

அதையெல்லாம் விடு. போன வாரம், ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் ஒன்றாக்குகிற புரோகிராமை டெஸ்டில் ஓட்டினோம். பேர், அப்பா பேர், பிறந்த தேதி மூன்றும் ஒத்தால் ஒரே ஆள். நம் கடற்கரைப் பாலிசிகள் கட்டுக்கட்டாக ஒட்டிக்கொண்டன. அந்தோணி, அப்பா சூசை, மே 31. அடுத்ததும் அந்தோணி, அப்பா சூசை, மே 31. பெங்களூர்ப் பயல்கள் "டம்மி தேதி" என்கிறார்கள்! எனக்கோ நம் ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது கண்முன் வந்தது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்க வேண்டும், எழுது மே 31. நான் ஆடி, நீ ஆவணி, கேக் மட்டும் ஒரே நாளில்.

சிரித்துக்கொண்டே பட்டியலில் கீழே போனால், அந்த இரண்டு அந்தோணிகளில் ஒருவர் இறந்து கிளெய்மும் கொடுத்தாயிற்று. ஒட்டியபிறகு உயிரோடு இருப்பவரின் பாலிசியும் 'இறப்பு' என்று மாறி, அவர் கட்டுகிற பிரீமியம் திரும்பிவருகிறது. நிஜத்தில் நடந்திருந்தால் அந்த மனிதர் கடலுக்குப் போகிற நாளை விட்டுவிட்டு, தான் சாகவில்லை என்று கவுண்டரில் நிரூபித்துக்கொண்டு நின்றிருப்பார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பழைய பாலிசிகளில் பான் நம்பரும் கிடையாது, போனும் கிடையாது; விலாசம் 'கோயிலுக்குத் தெற்கே'. நாமினி பேரையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றான் டீம் லீடு. இரண்டு பேர் பெண்டாட்டியும் மேரி, மக்கா! நம் ஊர்ப் பாலிசிகளை மட்டும் கையால் பிரிக்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பழசிலிருந்து புதுசுக்கு மாறுகிற கட்-ஓவர் தேதி தள்ளிப்போகும், என்மேல் கடுப்பில் இருக்கிறார்கள்.

நீ பேங்க் கணக்குகளைப் புது சிஸ்டத்துக்கு மாற்றின மைக்ரேஷனில் இப்படி ஆட்களை எப்படிப் பிரித்தாய்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. அப்புறம், உன் அப்பா உன் பேரில் போட்ட அந்தப் பாலிசி பேப்பரைத் தேடி எடுத்துப் பார், அதில் ஆவணியா மே 31-ஆ என்று.

உன்,
ஆடி மாசத்தான்