மூடி மாறாமல் அனுப்பியவர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து ஆஷா அக்காமார்களுக்கும், செவிலியர்களுக்கும், கோவை பஸ்ஸில் ரத்த மாதிரிக் குழாய்களைப் பத்திரமாகக் கொண்டுவந்தவர்களுக்கும், குழந்தைகளைப் பெற்றவர்களுக்கும் வணக்கம்.

பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளின் மரபணுவைக் கணினியில் அலசுவது எங்கள் வேலை. ஒரு குழந்தையின் எக்ஸோமில், அதாவது புரதம் செய்யச் சொல்லும் மரபணுப் பகுதிகளில் மட்டும் 20,000-க்கு மேல் மாற்றங்கள் தென்படும். பரவலாகக் காணப்படுபவற்றைக் கழித்து, இந்நோய்களோடு தொடர்புள்ள சுமார் 500 மரபணுக்களை மட்டும் பார்த்தாலும் கணிசமாக மிஞ்சும். அங்கே கைகொடுத்தது நீங்கள் வரைந்து அனுப்பிய வம்சப் படம்.

அதற்காகப் பாட்டிமார்களுக்கு முதல் நன்றி. பிறந்து சில மாதத்தில் போன பிள்ளைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நீங்கள் சேர்த்தீர்கள். ‘தாய்மாமன்மார் ரெண்டு பேர், ரெண்டு வயசுக்குள்ள, நிமோனியா’ என்ற ஒரு வரி, தாய்வழி வந்து ஆண்பிள்ளைகளைத் தாக்கும் நோயாக இருக்கலாம் என்று காட்டி, எக்ஸ் குரோமோசோமில் உள்ள பி.டி.கே. மரபணுவை முதலில் பார்க்கச் சொல்லும். அக்கா மகளைக் கட்டியது என்று கூசாமல் எழுதியதும் அப்படித்தான். தாய் தந்த பிரதியும் தகப்பன் தந்த பிரதியும் ஒன்றேயாக நீளும் பகுதிகளில் தேடலைத் தொடங்கலாம்.

மரபணு வாசிப்புக்கு ஊதா மூடிக் குழாயில் 2 முதல் 3 மில்லி. பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் இருக்கும், அது டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். வினையைத் தடுத்துவிடும். ஆனால் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் திறனை ஒளிர்வால் காட்டும் டி.எச்.ஆர். சோதனைக்குப் பச்சைதான் வேண்டும். அது ஐஸில் படக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் சேர வேண்டும். கண்டக்டர் இருக்கைக்கு அருகே, வெயில் படாமல், துணி சுற்றி வந்த அந்தப் பச்சைக் குழாய்களை மறக்க மாட்டோம்.

கூடவே நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வந்தது. யாரோ ஒரு குழந்தைக்காகக் கை நீட்டிய அண்ணன்மாருக்கு எப்படி நன்றி சொல்வது! உங்கள் வெள்ளணுக்கள் ஒளிர்ந்து குழந்தையுடையவை ஒளிராவிட்டால்தான், கெடுத்தது பயணமல்ல, நோய் என்று சொல்ல முடியும். வெள்ளணுக்களின் அந்தத் திறனுக்கு வேண்டிய என்.சி.எஃப்.1 மரபணுவில் இந்தச் சோதனையை விட்டால் மோசம் போவோம். அச்சு அசலாக அதைப் போன்ற இரண்டு போலி மரபணுக்கள் 7-ஆம் குரோமோசோமிலேயே உண்டு. வாசித்த டி.என்.ஏ. துண்டு எந்த இடத்துக்குரியது என்று தெரியாமல் கணினி அதை ஒதுக்கிவிடும். நோய்க்குக் காரணமான இரண்டு டி.என்.ஏ. எழுத்துகளின் இழப்பும் அதோடு கண்ணில் படாமல் போய்விடும். எக்ஸோம் அறிக்கை சுத்தமாக வரும், குழந்தைக்கோ சீழ்க்கட்டி விடாது. டி.எச்.ஆர். ஒளிராததைக் கண்டால்தான் அந்த மரபணுவைத் தனியாகச் சோதிப்போம்.

தாயும் தகப்பனும் சேர்ந்து ரத்தம் கொடுத்த வீடுகளில் மாற்றம் யாரிடமிருந்து வந்தது, புதிதாக உண்டானதா என்பது தெளிந்தது. வேலையை விட்டு வந்தீர்கள், தெரியும்.

‘பொருள் உறுதிப்படாத மாற்றம்’ என்று அறிக்கை வாங்கிய குடும்பங்களே, பொறுத்ததற்கு நன்றி. அந்தக் கோப்புகளை மூடவில்லை. நோயோடு தொடர்புள்ள புதிய மரபணுக்கள் பட்டியலில் சேரச்சேர மறுபடி அலசுகிறோம். போன் எண் மாறினால் ஆஷா அக்காவிடம் சொல்லிவையுங்கள். இடையில் குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அந்தத் தேதியையும்.

அன்புடன்,
மரபணு ஆய்வகக் குழுவினர்